சாப்ட்டியாம்மா

லட்சம் வீடுகளின் பேச்சைக் கணக்கெடுத்து, எந்த வார்த்தைக்குப் பின் கொலை விழும் என்று சொல்லும் போலீஸ் கருவி இசக்கியம்மாள் வீட்டுச் சுவரிலும் இருந்தது. "கொன்னுபோடுவேன்டி" என்று புருஷன் சுடலைமுத்து தினமும் கத்துவான். கருவியின் விளக்கு பச்சையாகவே எரியும்.

அவள் காய்ச்சலில் கிடந்த அன்று, முதன்முறையாக அவன் தணிந்த குரலில், "சாப்ட்டியாம்மா?" என்றான். விளக்கு சிவந்தது. கதவை உடைத்து நுழைந்த போலீசார் அவன் கையை முறித்தார்கள்.

"இந்த மாதிரி ஆளு திடீர்னு குழைஞ்சா கொலைதாம்மா. புள்ளிவிவரம் சொல்லுது," என்றார் ஏட்டு.

கட்டுப்போட்ட கையோடு வீடு திரும்பியவன், "பாசமா கேட்டதுக்கா கைய ஒடைச்சானுவ? கொன்னுபோடுவேன்டி!" என்று மறுகையால் அவள் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

ரத்தம் கண்ணில் வழிய, அவள் விளக்கைப் பார்த்தாள். பச்சை.

"ஒரேயொரு தடவ சாப்ட்டியாம்மான்னு கேளுங்க," என்று கெஞ்சினாள்.