வாழைநார் முடிச்சு

"கூட்டுக்குக் கிட்டப் போறவன்..." என்று அப்பா ஏதோ சொல்வார். போகிறவன் என்ன ஆவான் என்பது மட்டும், மஸ்கட்டில் இருபத்திரண்டு வருஷம் கழித்துவிட்டுச் சொந்த ஊரான அகளிக்குத் திரும்பிய சென்னிமலைக்கு மறந்துபோயிருந்தது.

அதை யோசிக்க இப்போது நேரமும் இல்லை. தோட்டத்துக் குருவிக் கூட்டை மறுபடியும் யாரோ தழையால் மூடி வைத்திருந்தார்கள்.

"மூணாவது நாளுப்பா," என்றாள் மகள் யோகப்பிரியா. "நாளைக்குப் பெங்களூர்க்காரங்க ஆறு பேர் வர்றாங்க. கூடு தெரியலீன்னா ரிவ்யூல கிழிச்சுத் தொங்க விட்டுருவாங்க."

சென்னிமலை ஆசைக்குப் பறவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். ஊர் திரும்பியதும் அதுவே குடும்பத் தொழிலாயிற்று. தோட்டத்து ஓரம் பச்சைத் துணியில் ஒரு கூடாரம், உள்ளே ஆறு நாற்காலி. காசு கொடுத்துப் படம் எடுக்க வரும் விருந்தாளிகளுக்குச் சமையல் மனைவி சித்ரா. புக்கிங் யோகப்பிரியா.

இந்த மாதம் எல்லோரும் கேட்டு வருவது வால்குருவியின் கூட்டைத்தான். ஆள் உயரத்தில் கூடு. வெள்ளை நாடா போல வால். படம் தெளிவாக விழ, கூட்டை மறைத்த கிளைகளைச் சென்னிமலை சீவிவிட்டிருந்தார்.

அந்த இடத்தில்தான் யாரோ தழையை வாழைநாரால் கட்டிவிட்டுப் போகிறார்கள். காலையில் இவர் அவிழ்ப்பார். மறுநாள் பார்த்தால் மறுபடி கட்டியிருக்கும்.

"வேற யாரு, பக்கத்துத் தோட்டத்து ராமாத்தாக்காதான்," என்றாள் சித்ரா. "மாடு ஓட்டற வழியை வேலி போட்டு அடைச்சீங்கல்ல? அந்தக் கடுப்பு."

அன்று விருந்தாளிகள் கிளம்பியதும், சென்னிமலை கேமராவோடு கூடாரத்துக்குள் உட்கார்ந்தார்.

வெயில் உச்சிக்கு ஏறுமுன்பே ராமாத்தாள் வந்தாள். கையில் தழை, நார். நாலு படம் எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

"ஏனுங்க்கா, வழியை அடைச்சதுக்கு எம் பொழப்புல மண்ணைப் போடறீங்களா? படம் இருக்குது. ஊரு பூரா காட்டுவேன்!"

"மெதுவாப் பேசுங்க தம்பி. தாயி பறந்துரும்."

முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் ராமாத்தாள் திரும்பினாள்.

"மூணு குஞ்சு இருந்துச்சுங்க. நீங்க கிளையை வெட்டுன மறுநாளே வல்லூறு ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிருச்சு. மிச்சம் ரெண்டும் வெயில்ல வாயைப் பொளந்துட்டுக் கெடந்துச்சு."

அந்த வாய் பிளந்த படத்தைத்தான், 'பசிக்குத் தாயைக் கூப்பிடுது' என்று விருந்தாளிகளுக்குக் காட்டியிருந்தார் சென்னிமலை. அது பசியில்லை என்று அவருக்கு அப்போதே தெரியும்.

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமில்ல?" குரல் இறங்கிவிட்டது.

"வழிக்குச் சண்டை போட வந்திருக்கறாளுன்னு நெனைப்பீங்க."

"ஃபாரஸ்ட்காரங்ககிட்டயாவது..."

"சொன்னா உங்க தொழில் போயிருமுங்களே தம்பி. உங்க ஊட்டுலயும் ஒரு புள்ளை இருக்குதல்ல? அதான் உங்க ஆளுங்க படம் புடிச்சு முடிக்கற வரைக்கும் அந்தப் புளியமரத்தடியில உக்காந்திருந்து, அப்பறமாக் கட்டறனுங்க."

புளியமரத்தடியில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு, வேலியைச் சுற்றி நீள வழியில் நடந்தாள். "...வல்லூறுக்கு வழிகாட்டி ஆவான்" என்று அப்பா முடிப்பது அப்போதுதான் சென்னிமலைக்கு நினைவு வந்தது.

யோகப்பிரியா ஓடி வந்தாள். "யாருன்னு தெரிஞ்சுதாப்பா?"

சென்னிமலை நாலு படங்களையும் அழித்தார். பெங்களூர்க்காரர்களுக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றார்.