கண்ணாடிக் காம்பில் கறுப்பு நூல்

விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் அப்பா அம்மாவை மறுபடியும் அறைகிறார். மில் தொழிலாளர் தலைவராக வாழ்ந்து மறைந்தவரைப் படமாக எடுக்கிறார்கள். மகளை வருந்தி வருந்தி அழைத்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. “எங்கப்பா அம்மா மேல ஒருநாளும் கை வெச்சதில்லைன்னு காலையிலேருந்து கரடியா கத்திட்டிருக்கேன்.” மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே டைரக்டர் சொல்கிறார்: “குறையே இல்லாத மனுஷனை ஜனங்க நம்ப மாட்டாங்கக்கா. அறைஞ்சிட்டு அழுவார் பாருங்க, தியேட்டரே உருகிடும்.” அம்மாவாக நடிக்கும் பெண் சிவந்த கன்னத்தில் ஐஸ் பையை ஒற்றிக்கொள்கிறாள். அப்பாவின் மீசையை ஒட்டிக்கொண்ட நடிகர் இந்தப் பக்கம் திரும்பாமல் டீ குடிக்கிறார். மறுபடி விளக்கு, அமைதி, பளார். “கட், கட்” என்று டைரக்டர் எழுந்தே விடுகிறார். அவளுக்கு ஒரு நொடி உயிர் வருகிறது. “கண்ணாடிக் காம்புல நூல் எங்கய்யா? உடைஞ்ச காம்புல கறுப்பு நூலைச் சுத்தித்தான் அவர் கடைசிவரைக்கும் போட்டிருந்தார்னு அக்கா அவ்வளவு சொல்லியிருக்காங்க. சரித்திரத்துல தப்பு வரக் கூடாது. இன்னொரு டேக்.” ஆர்ட் டிபார்ட்மென்ட்காரர் ஒரு கையில் கண்ணாடியும் ஒரு கையில் நூல்கண்டுமாக அவளிடமே வந்து, பணிவாகக் குனிந்து கேட்கிறார்: “எத்தனை சுத்துக்கா?”