சோப்பு முதலாளியை நீக்கும் தீர்மானம்

சோப்பு முதலாளியை வட்டத்திலிருந்து நீக்கிவிடுவது என்று ஏகமனதாக முடிவாகிவிட்டது. அதை அவர் முகத்துக்கு நேரே போய்ச் சொல்வது யார் என்றதும்தான் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் எல்லார் கண்ணும் கண்டக்டர் அக்காவின் மேல் போய் நின்றது.

வட்டத்தை ஆரம்பித்தவள் அவள்தான். வாரமெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சைக்கிள் கடை மாடியில் நாற்காலி போட்டு, சோஷலிசம் பேச ஆள் கூட்டுவாள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால், பஸ்ஸில் போடுகிற சத்தம் ஒன்றைப் போடுவாள். மாடி கப்சிப் ஆகிவிடும்.

அந்தச் சத்தத்துக்கும் மசியாத ஒரே ஆள் சோப்பு முதலாளி.

ஊர்க் கோடியில் சின்னதாக ஒரு சோப்புப் பட்டறையில் இருப்பவர். வட்டத்துக்கு வந்த இரண்டாவது வாரமே எழுந்து நின்று, லாபம் இல்லையென்றால் எவன் காலையில் எழுந்திருப்பான் என்று கேட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் முதலாளி. அதற்கப்புறம் எதை எடுத்தாலும் எதிர்ப்புதான். நிலம் பொது என்றால், களை பிடுங்குவது யார் என்பார். வைத்தியம் இலவசம் என்றால், தும்மினவனெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வான் என்பார்.

அவருக்குப் பதில் சொல்வதற்காகவே வட்டத்து எலெக்ட்ரீஷியன் விழுந்து விழுந்து படித்தான். நர்ஸ், தனக்குத் துணையாகப் பேச வார்டுத் தோழிகள் இரண்டு பேரை இழுத்து வந்தாள். மாடியில் உட்கார இடமில்லாமல் படிக்கட்டு வரைக்கும் ஆள் நின்றது.

போன வாரம் கணக்கு வாத்தியார் ஒரு மாதமாகத் தயார் செய்த சொற்பொழிவை மூச்சுவிடாமல் முடித்தார். முதலாளி கை தட்டினார். பிறகு, "அருமையாப் பேசினீங்க வாத்தியாரே. நடுவுல ஒரு யானை புகுந்து போற அளவுக்கு ஓட்டை இருக்கு, அவ்வளவுதான்" என்றார். மாடியே சிரித்தது. வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. இந்த ஆள் இருந்தால் நான் இருக்கமாட்டேன் என்று துண்டை உதறிவிட்டுக் கிளம்பிவிட்டார். அதில் பிறந்ததுதான் நீக்கல் தீர்மானம்.

டிக்கெட் எடுக்காதவனைக்கூடக் கண்டக்டர் அக்கா பாதி வழியில் இறக்கிவிட்டதில்லை. பட்டறைக்குப் போகும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எதுவும் ஒத்துவரவில்லை.

முதலாளி ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, கம்பியால் சோப்புப் பாளத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு டீ கொடுத்தார். அந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வந்ததைச் சொல்ல அவளுக்கு மனசே வரவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

அவர் கம்பியைக் கீழே வைத்தார். கையுறையைக் கழற்றினார்.

"நான் முதமுதலா மாடி ஏறி வந்தப்போ அங்க எத்தனை பேர் இருந்தோம், ஞாபகம் இருக்கா தோழர்?"

ஞாபகம் இருந்தது. விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒருத்தர் பேச, மற்றவர்கள் தலையாட்ட, டீ ஆறுவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. சைக்கிள் கடைக்காரர் மூலையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வட்டத்தை மூடிவிடலாமா என்றுகூட அவள் அன்றைக்கு யோசித்தாள்.

"எல்லாரும் ஆமா ஆமான்னா அப்புறம் பேச என்ன இருக்கு? யாராவது ஒருத்தர் இல்லைன்னு சொல்லணும்ல? அடுத்த வாரம் நான் சொல்லிப் பார்த்தேன். தூங்கிட்டிருந்தவர் எழுந்து என் சட்டையைப் பிடிக்க வந்தார். அதுக்கடுத்த வாரம் தம்பியையும் கூட்டிட்டு வந்தார்."

கண்டக்டர் அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டீ புடவையில் சிந்தியது.

"நீங்க சிரிக்கிறீங்க. நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். உங்க ஆளுங்க இப்பல்லாம் அசத்துறாங்க. கேட்க எனக்குக் கேள்வி கிடைக்க மாட்டேங்குது" என்றார் அவர் பரிதாபமாக.

தீர்மானம் அங்கேயே செத்துப்போனது. வாத்தியாரைச் சமாதானப்படுத்துவது தன் பொறுப்பு, இந்த ரகசியத்தைப் பற்றி மூச்சுவிடமாட்டேன் என்று அவள் சத்தியம் பண்ணினாள். கிளம்பும்போதுதான் இன்னொரு யோசனை வந்தது. மாடியில்தான் இடம் இல்லையே. அடுத்த கூட்டத்தை இந்தப் பட்டறையிலேயே வைத்தால் என்ன? முதலாளியின் கோட்டைக்குள்ளேயே புகுந்து அவரை மடக்கலாம் என்றால் வாத்தியார் முதல் ஆளாக வந்து நிற்பார்.

அதைக் கேட்டதும் முதலாளிக்குக் குஷி தாங்கவில்லை. ஆனால் உடனே தலையைச் சொறிந்தார்.

"எனக்குச் சம்மதம்தான் தோழர். ஆனா பட்டறை எங்க எல்லாருக்கும் பொது. ஓட்டுக்கு விடாம நான் ஒருத்தன் வாக்குக் கொடுக்க முடியாது" என்றவர், உள்ளே சோப்பு அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

"முதலாளிங்க எல்லாரும் கையைக் கழுவிட்டுக் கொஞ்சம் இப்படி வாங்க."