நடுவில் விரித்த சீட்டு

எதைச் சொல்லப் போனாலும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று சாரதாமணிக்குப் பயம். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். அன்றைக்கு அவள் சொல்ல வேண்டியிருந்ததோ அடுத்த வீதி மயிலாளின் வருத்தம்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு அம்மிணி." கணவர் குமாரவேல் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மதியமானால் நல்லூரில் அவர்கள் வீட்டுப் பின்னறையில் போக்கர் சீட்டாட்டம். காசு கிடையாது, தைத்து மிஞ்சிய பட்டன்களை வைத்துத்தான் ஆட்டம். குமாரவேலுக்குத் தையல் வேலை கொடுக்கும் பனியன் கம்பெனி முதலாளி ஈஸ்வரமூர்த்தி வருவார். வெளிநாடு போனபோது அந்த ஆட்டத்தைக் கற்றுவந்தவர் அவர்தான். அவரிடம் தைத்த துணியில் குறை தேடும் செக்கிங் வேலை பார்க்கும் கன்னையனும் வருவார். கன்னையனின் மனைவிதான் மயிலாள்.

"நீங்க கன்னையண்ணனை ஆடவே விடறதில்லையாமா. கையில ரெண்டு சீட்டு வந்ததுமே பட்டனை அள்ளி வெச்சுப் பந்தயத்தை ஏத்திடறீங்களாம். அவரு பேசாம சீட்டைக் கவுத்துப் போட்டு வெலகிடறாராம். நடுவுல மூணு சீட்டு விரிக்கறப்ப வேடிக்கைதான் பாக்கறாராம்."

குமாரவேல் சிரித்தார். "அது ஒரு கணக்கு. எனக்கு அடுத்து உக்காந்திருக்கறவன் கவுத்துட்டா, கடைசியாப் பேசற இடம் எனக்கு. மத்தவங்க என்ன பண்றாங்கன்னு பாத்துட்டு நான் ஆடலாம்."

"பட்டனுக்காகவா சிநேகிதனை ஒதுக்கறீங்க?"

"ஆட்டம்னா அப்படித்தான்."

அவரும் கன்னையனும் டவுசர் போட்ட வயசிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். இந்த மனுசனுக்கு இத்தனை ஆசையா? சாரதாமணிக்கு மனசு ஆறவில்லை.

ஆட்டம் தொடங்கும் முன் டீ கொண்டுபோனபோது முதலாளியிடம் சொல்லியே விட்டாள்.

"ஐயா, இன்னிக்கு ஒரு நாளைக்கு, நடுச்சீட்டு விரிக்கற வரைக்கும் யாரும் ஏத்தக் கூடாதுன்னு வெச்சுக்கலாமுங்களா? கன்னையண்ணனும் ஆடட்டுமுங்க."

முதலாளிக்குப் பிடித்துவிட்டது.

"ஞாயமான பேச்சு. குமாரவேலு, உன் வித்தை உன் ஊட்டுலயே எடுபடல பாரு. கன்னையா, இன்னிக்கு நீ தப்பிக்க முடியாது."

"எனக்கெதுக்குங்க அதெல்லாம்," என்றார் கன்னையன். டீயை அவர் எடுக்கவே இல்லை.

முதலாளி சீட்டைக் கலைத்துப் போட ஆரம்பித்தார். சர்க்கரை கேட்பதுபோல் குமாரவேல் அவள் பின்னாலேயே கதவுக்கு வெளியே வந்தார். திட்டப்போகிறார் என்று சாரதாமணி ஒடுங்கி நின்றாள். அவர் குரலோ கெஞ்சியது.

"அவன் கண்ணுல புரை அம்மிணி. கையில பிடிச்ச துணி தெரியும், கையில இருக்கற சீட்டும் தெரியும். மேசை நடுவுல விரிக்கறதுதான் தெரியாது. அடுத்த மாசம் ஆப்பரேசன். அதுக்குள்ள முதலாளி காதுக்குப் போனா செக்கிங்குல இருந்து எடுத்துருவாரு. மயிலாள்கிட்டக்கூட அவன் சொல்லல. ஆட்டத்துக்கு வராம நின்னா ஏன்னு கேப்பாங்க. அதுதான் விரிக்கறதுக்கு முன்னாடியே நான் ஏத்தி வெச்சு அவனைக் கவுக்க வெக்கறது. எம்மேல பழி வந்தா வரட்டும்."

உள்ளேயிருந்து முதலாளியின் குரல் வந்தது.

"மூணும் விரிச்சாச்சு. குமாரவேலு அங்கிருந்தே கேக்கட்டும். கன்னையா, என்னென்ன விழுந்திருக்குதுன்னு சத்தமாப் படி."

கன்னையன் தொண்டையைச் செருமினார். நாற்காலி நகர்ந்தது. மறுபடியும் செருமினார்.

சாரதாமணி எட்டிக் கதவோரத்து மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். பனியன் மூட்டைகள் ஜன்னலை அடைத்திருந்த அந்த அறை பட்டப்பகலில் இருண்டுபோனது.

"கரண்ட் போயிருச்சுங்க ஐயா," என்றாள் வாசலில் நின்று. "இப்ப யாருக்குமே ஒண்ணும் தெரியாதுங்களே. சீட்டைக் கலைச்சுருங்க."