பின்விளக்கில் தண்ணீர்

"இந்த வாரமும் தண்ணி நின்னுக்கினுதான் இருக்குது சார். என்ன காரு விக்கிறீங்க நீங்க?"

எலிசபெத் சாவியை மேஜைமேல் போட்ட வேகத்தில், திருப்பதி சர்வீஸ் சென்டரில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சித்தூரில் மிஷன் ஆஸ்பத்திரி வார்டை ஒரு காலத்தில் கட்டி ஆண்ட நர்ஸ் அவள். ரிட்டயரானால் மட்டும் குரல் இறங்கிவிடுமா என்ன?

சர்வீஸ் அட்வைசர் தோதாத்ரி மட்டும் அசையவில்லை. ஏச்சு வாங்கி வாங்கியே தலை நரைத்த மனுஷர். "வாங்கோ சிஸ்டர், பாத்துடலாம்" என்று நிதானமாக எழுந்து வெளியே வந்தார்.

காரின் பின்பக்கம், இடது விளக்கின் சிவப்புக் கண்ணாடிக்குள் பொடிப்பொடியாக நீர்த்துளிகள் ஒட்டியிருந்தன. தோதாத்ரி குனிந்து பார்த்தார்.

"வெறும் ஆவின்னா அரைமணி லைட்டைப் போட்டு வச்சாலே போயிடும். அப்பவும் போகலைன்னாதான் கம்பெனியில புது லேம்ப் தருவா. ரூல் தெரியுமோல்லியோ?"

"தெரியாம என்ன? மூணு மாசமா இதையேதானே கேட்டுக்கினு இருக்கேன்."

மெக்கானிக் தரணி வண்டியை ஷெட்டுக்குள் ஓட்டிப்போனான். "லைட் வேசானு சார்" என்று, லைட்டைப் போட்டுவிட்டதாகத் தெலுங்கில் குரல் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டான். இனி அரைமணி காத்திருக்க வேண்டும். தோதாத்ரி வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பிளாஸ்கைத் திறந்து, இரண்டு டம்ளரில் காபி ஊற்றினார்.

"ரெண்டு பேருக்குப் போட்டே கை பழகிடுத்து. ஆத்துக்காரி பத்மினி போனப்பறம் ஒருத்தருக்குன்னு அளவே வரமாட்டேங்கறது."

"எனக்கும் அப்பிடித்தான் சார். குழம்பு வச்சா ரெண்டு நாளைக்கு அதையே துன்னுக்கினு கிடக்கிறேன்."

இந்தப் பேச்சுக்காகத்தான் எலிசபெத் சனிக்கிழமை தவறாமல், சந்திரகிரி தாண்டி இத்தனை தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் சத்தியம். கணவர் ஆண்ட்ரூ இந்தக் காரை வாங்கிய கையோடு போய்ச் சேர்ந்தார். மகள் ஹன்னா நியூசிலாந்தில் இருக்கிறாள். சித்தூர் வீட்டில் டிவி ஒன்றுதான் பேச்சுத்துணை, அதுவும் தான் பேசுமே தவிர இவள் பேச்சைக் கேட்காது.

மழைக்காலம் ஆரம்பித்தபோது விளக்கில் தண்ணீர் புகுந்தது நிஜம். முதல் சனிக்கிழமையும் வந்தாள், அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். "எதுக்கும் இன்னும் ஒரு வாரம் பாத்துட்டு வாங்கோ" என்று தோதாத்ரி அனுப்பிவைத்தார். அந்த வாரம் சித்தூரில் பேய்மழை கொட்டித் தீர்த்தது. விளக்குக்குள் மட்டும் ஒரு சொட்டு இல்லை.

கார் சரியாகிவிட்டதே என்று எந்தப் பொம்பளையாவது அழுவாளா? எலிசபெத் அழுதாள்.

அழுது முடித்துப் பீரோவைத் திறந்து ஒரு சிரிஞ்சை எடுத்தாள். டிக்கிக்குள் கையை விட்டு பல்பைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரை ஏற்றினாள். ஊரில் பாதிப் பேருக்கு ஊசி போட்ட கை, கொஞ்சமும் நடுங்கவில்லை. அதிலிருந்து வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை விளக்குக்கு ஒரு ஊசி.

தோதாத்ரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"இன்னியோட வாரண்டி முடியறது சிஸ்டர். இனிமே நீங்க இவ்ளோ தூரம் அலைய வேண்டியிருக்காது."

அப்படியானால் அடுத்த சனிக்கிழமை எங்கே போவது, யாரிடம் பேசுவது?

அது போதாதென்று நாளைக்கு மாதத்தின் முதல் ஞாயிறு, சர்ச்சில் திருவிருந்து. பொய்யை நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்பத்துக்குக் கை நீட்டத் துணிவில்லாமல், மூன்று மாதமாக அவள் கடைசி பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. உடம்புக்கு என்ன என்று பாஸ்டரம்மா வீடு தேடி வந்து விசாரித்துவிட்டுப் போனாள். இதற்குமேல் தாங்காது. இவர் காறித் துப்பினாலும் சரி, சொல்லிவிட வேண்டியதுதான்.

"சார், லேம்ப்ல ஒரு கோளாறும் இல்ல. நான்தான் சிரிஞ்ச்ல தண்ணி ஏத்திக்கினு வரேன்."

தோதாத்ரி டம்ளரைக் கீழே வைத்தார்.

"வீட்ல பேச ஆளில்ல சார். இங்க வந்தா நீங்க என்ன சமைச்சீங்கன்னு கேப்பீங்க. அதுக்காக இத்தினி நாளா உங்கள ஏமாத்திட்டேன். திட்றதுன்னா திட்டிடுங்க."

அவர் எழுந்து ஷெட் வாசல்வரை போய், "தரணி, லைட்டை ஆஃப் பண்ணுப்பா. போதும்" என்றார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று எலிசபெத் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உக்காருங்கோ சிஸ்டர். ஏமாத்தினது நீங்க மட்டும் இல்ல."

"என்ன சார் சொல்றீங்க?"

தோதாத்ரி அவள் முகத்தைப் பார்க்காமல், பிளாஸ்கில் மீதியிருந்த காபியை அவள் டம்ளரில் சாய்த்தார்.

"அந்த லேம்ப ரெண்டாவது சனிக்கிழமையே உங்ககிட்ட சொல்லாம நான் மாத்திட்டேன்."