பெட்டிக்குள் பேசுகிற இனியாள்

கோவில்பட்டி செண்பகவல்லியின் மகள் இனியாளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதி சுரக்கவில்லை. மூன்று வயதில்தான் அதைக் கண்டுபிடித்து மருந்து தொடங்கினார்கள். அதற்குள் மூளை பாதிக்கப்பட்டுவிட்டது. எட்டு வயதாகியும் ஒற்றைச் சொற்கள்தான் வந்தன.

பேச்சுப் பயிற்சிக்காக மருத்துவமனை ஒரு பெட்டி தந்திருந்தது. பிறந்தவுடன் மருந்து கிடைத்திருந்தால் இனியாள் இன்று எப்படிப் பேசுவாளோ, அப்படியே அவள் குரலில் அது பேசும்.

"அம்மா, இன்னைக்கு டீச்சர் என்னைய வெளிய நிப்பாட்டிட்டாங்க, தெரியுமா?" என்று அது ஆரம்பித்தால் செண்பகவல்லிக்கு அடுப்பில் பால் பொங்குவதும் தெரியாது.

"ஏட்டி, அப்படி என்ன சேட்டை பண்ணுன?" என்று கேட்டுச் சிரிப்பாள். பயிற்சி நேரம் முடிந்தும் அணைக்க மனம் வராது.

ஒருநாள் மாலை, இனியாள் தன் தட்டிலிருந்த மாம்பழத் துண்டைக் கொண்டுபோய்ப் பெட்டியின் முன்னால் வைத்தாள்.

"பாப்பா பசி. வெளிய வா" என்றாள்.

அவள் சொற்களைக் கோத்துப் பேசியது அதுதான் முதல்முறை. அதுவும் அம்மாவிடம் அல்ல.

"எனக்கு வேணாம், நீ சாப்பிடு" என்றது பெட்டி. இனியாள் நகராமல் காத்திருந்தாள்.

செண்பகவல்லி பொத்தானை அழுத்திப் பெட்டியை அணைத்துவிட்டு மகளின் அருகில் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்குப் பசிக்கி கண்ணு. எனக்குத் தாரியா?"

இனியாள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு பழத்தை எடுத்து அம்மாவின் வாயில் வைத்தாள். மகளை மடியில் இழுத்துக்கொண்டு செண்பகவல்லி மென்றாள். அப்போதும் அவள் காது மட்டும், அணைத்துவிட்ட அந்தக் குரலுக்காக ஏங்கிக்கொண்டே இருந்தது.