இடி திட்டிய வார்த்தை

"இந்தம்மாவை முதல்ல வேலையை விட்டு அனுப்புங்க. இல்லைன்னா முதலாளிகிட்ட நானே பேசிக்கிறேன்."

வெட்டு மேஜைமேல் திரைத்துணியைப் பொத்தென்று போட்டார் அந்த மேடம். ஜன்னலுக்கு என்று அளவு சொன்னதும் அவர்தான். வீட்டுக்குப் போய் பால்கனிக் கதவில் மாட்டிப் பார்த்துவிட்டு, துணி குட்டையாக இருக்கிறது என்று வந்து குதிப்பதும் அவரேதான்.

துணியை வெட்டிக் கொடுத்தவளைக் கடையில் எல்லாரும் கத்தரி அக்கா என்பார்கள். யார்மேல் புகார் வந்தாலும் அந்த ஆள் மறுநாள் வர வேண்டாம் என்பது முதலாளியின் சட்டம். வீட்டில் சம்பாதிக்கிறது இவள் ஒருத்தி. மகள் இன்னும் காலேஜ் முடிக்கவில்லை.

மேனேஜர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். சும்மா பேசினாலே கண்ணாடி அதிரும். அதனால் ஊழியர்கள் வைத்த பெயர் இடி.

"என்ன கத்தரி, மறுபடியுமா? யூ பெல்லிபோன்."

கடையே திரும்பிப் பார்த்தது.

"மேடம், நானும் எத்தனையோ கடையில வேலை பார்த்துட்டேன். இப்படி ஒரு பெல்லிபோனை எங்கேயும் பார்த்ததில்லை."

மேடத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிக் கேளுங்க. நான் சொல்றதுல ஏதாவது தப்பு இருக்கா?"

"நீங்க சொன்னது அத்தனையும் சுத்த ஃபடூடில் மேடம்."

இங்கிலீஷில் புகழ்ந்தால் யாருக்குத்தான் கசக்கும்? "சரி, விடுங்க. பாவம், ரொம்பத் திட்டாதீங்க. முதலாளிகிட்டல்லாம் நான் போகலை" என்று சொல்லிவிட்டு, புதிதாகத் துணி வெட்டி வாங்கிக்கொண்டு போனார்.

ஓரம் அடிக்கிற டெய்லர் மெஷினை நிறுத்தினார். "விடும்மா. என்னையும்தான் ஸ்னவுட்ஃபேர், ஸ்னவுட்ஃபேர்னு உயிரை வாங்குறாரு. இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடறேன்."

"உங்களால முடியுது அண்ணே. எனக்கு மானம் போகுது."

மறுநாள் முதலாளி வந்ததும் நேரே போய் நின்றாள்.

"ஐயா, மேனேஜர் எல்லார் முன்னாடியும் என்னை அசிங்கமாத் திட்டுறார். வாயில நுழையாத வார்த்தை. என்ன கேவலமான அர்த்தமோ தெரியலை."

முதலாளி இடியைக் கூப்பிட்டார். "ஒரு பொம்பளையை அப்படிப் பேசலாமா? என்னய்யா அர்த்தம் அந்த வார்த்தைக்கு?"

இடி அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"தப்புதான் சார்" என்றார். அவ்வளவுதான். முதலாளியின் சட்டம் அவருக்கும் அதேதான். சாப்பாட்டு டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு மத்தியானமே கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் மகளிடம் பெருமையாகச் சொன்னாள். "இனிமே ஒருத்தரும் என்னை பெல்லிபோன்னு சொல்ல முடியாது."

"என்னன்னு சொன்னாரு?" மகள் செல்போனில் தேடினாள். வந்ததை இரண்டு தடவை படித்தாள்.

"என்னடி?"

"இது செத்துப்போன இங்கிலீஷ் வார்த்தைம்மா. இப்போ யாருமே பேசுறதில்லையாம். அழகும் நல்ல குணமும் சேர்ந்தவள்னு அர்த்தம்."

"சும்மா இரு. நல்லாப் பாரு."

"பார்த்துட்டேன்மா."

"டெய்லர் அண்ணனைச் சொல்வாரே, ஸ்னவுட்ஃபேர், அது?"

"முகலட்சணம் உள்ளவர்."

டெய்லரின் முகத்தை நினைத்தால் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"ஃபடூடில்?"

"உளறல்."

கத்தரி அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாவி மனுஷன், இதை முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, எதுக்கு அப்படிப் பண்ணேன்னு கேட்பாரும்மா. திட்டற மாதிரி நடிச்சு, வந்த புகாரையெல்லாம் முதலாளி காதுக்குப் போகாம அமுக்கினது வெளியில வந்திருக்கும். அப்புறம் நீ, அந்த டெய்லர் மாமா, எல்லாரும் வீட்டுக்குத்தான்."

யோசித்துப் பார்த்தாள். இடி இருந்தவரை அந்தக் கடையிலிருந்து ஒருத்தருக்கும் வேலை போனதில்லை. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போன் பண்ணினாள். அவர் எடுக்கவில்லை. மறுபடி பண்ணினாள். மன்னிப்பு கேட்கக்கூட ஆள் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் புது மேனேஜர் வந்தார். தங்கமான மனிதர். அதிர்ந்து பேச மாட்டார், எல்லாரையும் வாங்க, போங்கதான்.

அவர் வந்த மூன்றாம் நாளே ஒரு கஸ்டமர் துணியோடு வந்து நின்றார். திரை நீளமாகித் தரையைக் கூட்டுகிறதாம். சொன்ன அளவுக்குத்தான் வெட்டியிருந்தாள். ஆனால் அதைச் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? கத்தரி அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். திட்டட்டும், கடையே கேட்கிற மாதிரி திட்டட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

புது மேனேஜர் திட்டவில்லை. கஸ்டமரிடம் மெதுவாக மன்னிப்புக் கேட்டு வாசல்வரை போய் வழியனுப்பினார். பிறகு கத்தரி அக்காவை அறைக்குள் கூப்பிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்கம்மா. தண்ணி குடிங்க. எனக்கு யாரையும் திட்டிப் பழக்கம் இல்லை. உங்க மனசு நோகக் கூடாது. நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்."

ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு நன்றாகப் புரிந்தது.